எலியா பாஸான பரீட்சை

என் கடைக்கும் எலியாவின் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். இந்தப் பக்கம் நான் போட்டோஸ்டாட் எடுக்கிறேன், ஆன்லைனில் அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் எலியா பஞ்சர் ஒட்டுகிறான். கேரள எல்லையில், காரோடு என்ற ஊரில் பைபாஸ் வந்து முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிட்டால் எலியாவுக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவனுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. திருவனந்தபுரத்தில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் பத்தாம் வகுப்புவரை படித்தான். அங்கேயே படித்த சினியைக் கட்டிக்கொண்டான். அவளுக்கும் காது கேட்காது. வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறாள். எலியா மலையாளத்தை என்னைவிடத் திருத்தமாக எழுதுவான். தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் வந்தால் தமிழில் கத்துவார்கள், நெய்யாற்றின்கரைக்காரர்கள் வந்தால் மலையாளத்தில் கத்துவார்கள். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பேதம் பார்க்காத ஒரே ஆள் எங்கள் ஊரில் அவனாகத்தான் இருக்கும்.

காதில் இல்லாததை எல்லாம் கடவுள் அவன் கண்ணில் வைத்துவிட்டார். வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்தே முன் சக்கரமா பின் சக்கரமா, அவசரமா சும்மாவா என்று கண்டுபிடித்துவிடுவான். நான் மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பிக்கும் முன்பே தகரத்துக்கு மேலாக எட்டி, அது என் நெற்றியில் இருக்கிறது என்று காட்டுவான். இதனால் ஊரில் பாதிப் பேருக்கு ஒரு சந்தேகம் உண்டு. “அவனுக்குக் கேக்குமாக்கும். சும்மா நடிக்கியான்” என்பார்கள். இந்தக் கட்சிக்குத் தலைவர் ரிட்டயர்டு கண்டக்டர் ராஜதாஸ்.

ஆனால் அதே ராஜதாஸ்தான் பஞ்சர் காயும் நேரத்தில் எலியாவின் ஸ்டூலில் உட்கார்ந்து மனசில் உள்ளதை எல்லாம் கொட்டுவார். அவர் மட்டுமல்ல, எல்லாரும்தான். கேட்காத காதுக்குச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. சர்ச்சில் பாதிரியார் அச்சனிடம் சொல்லாத பாவத்தை எல்லாம் அந்த ஸ்டூலில் சொன்னவர்கள் உண்டு. எலியா டியூபைத் தேய்த்துக்கொண்டே தலையை ஆட்டுவான். சொன்னவர் மனசு லேசாகி, காற்றடித்த வண்டியில் போய்விடுவார்.

இனி என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது அடி வாங்கப் போகிறது. எலியாவின் நாக்கு நான்தான் என்று பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். சாயா, சாப்பாடு, மழை, போலீஸ், கரண்ட் இல்லை, நாளைக்கு லீவு. இதற்கெல்லாம் என்னிடம் சைகை இருந்தது. வங்கியில், பஞ்சாயத்து ஆபீசில், கரண்ட் ஆபீசில், “சோமா, இவன் என்ன சொல்லுகான்?” என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லுவேன். சில சமயம் எலியா கையைத் தூக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அவன் அதிகம் பேசாத ஆள், ஒன்றிரண்டு சைகையோடு நிறுத்திக்கொள்வான், அடக்கமான பையன் என்று எல்லாரிடமும் மெச்சிக்கொள்வேன்.

எலியாவுக்கு முப்பத்தொன்பது வயது. பதினைந்து வருஷம் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டது. எழுந்திருக்கும்போது ஜாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். எங்கள் பக்கத்தில் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதாதவன் மனுஷக் கணக்கிலேயே சேர்த்தியில்லை; எலியாவும் எழுதினான். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை ஆபீஸ் அட்டெண்டர் லிஸ்டில் காது கேளாதவர்களுக்கான ஒதுக்கீட்டில் அவன் பெயர் வந்துவிட்டது. நாற்காலி உள்ள வேலை. சினி அன்றைக்குத் தைத்துக்கொண்டிருந்த பிளவுசை அப்படியே போட்டுவிட்டு என் கடைவரை ஓடி வந்தாள்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு காகிதம். பழைய ஊனச் சான்றிதழில் சதவீதம் போட்டிருக்கவில்லை. புதிதாக எடுக்க வேண்டும், நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சர்ட்டிபிகேட் சரிபார்க்கிற நாளில் கையில் இருக்க வேண்டும். அந்த நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. இல்லாவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளுக்கு வேலை போகும்.

‘இதென்ன பெரிய காரியம்’ என்றேன் நான். காது கேட்காதவனுக்குக் காது கேட்காது என்று எழுதி வாங்குவதில் என்ன கஷ்டம்?

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். “ஆங்கியபாஷ அறியாவுன்ன ஆளினெ விளிக்கணோ?” என்று கேட்டாள். சைகை தெரிந்தவரை வரவழைக்க வேண்டுமா என்று அர்த்தம்.

“வேண்டா. ஞான் உண்டல்லோ” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வீணாய்ப்போன ஒரு போட்டோஸ்டாட் தாளின் பின்பக்கத்தில் மலையாளத்தில் பெரிதாக எழுதி எலியாவிடம் கொடுத்தேன்: இது டெஸ்ட். நன்றாகச் செய்ய வேண்டும். இதில் பாஸானால்தான் வேலை. எங்கள் ஊரில் பிள்ளை பெறப் போகிற பெண்ணிடம்கூட ‘நல்லா எழுது மக்களே’ என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் உண்டு. நானும் அந்த ஊர்க்காரன்தானே?

எலியா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் குருசு வரைந்துவிட்டு உள்ளே போனான். சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டு ஒன்று அந்த அறையில் இருந்தது. அதற்குள் பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் மெஷினை மேஜைமேல் வைத்து, டெஸ்ட் எடுக்கிற பெண் எலியாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், பாவம். எலியாவின் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று காட்டினாள். வாசலில் நின்று நான் பார்த்தேன். அவள் பட்டனை அமுக்குவாள். எலியா விரலைத் தூக்குவான். அமுக்குவாள், தூக்குவான். ஒன்றுகூட விடவில்லை. அடுத்த காதுக்கு மாற்றினாள். அதிலும் அப்படியே.

எனக்கு வாயெல்லாம் பல். வெளியே வந்ததும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். எங்கேயோ ஏதோ இடறுகிறதே என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்காத முட்டாள் நான்.

இரண்டு வாரம் கழித்து சர்ட்டிபிகேட் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. உடனே கலரில் பிரிண்ட் எடுத்தேன். லாமினேட்டும் போட்டேன். அதற்கப்புறம்தான் படித்தேன். பன்னிரண்டு சதவீதம்.

அதாவது எலியாவுக்குக் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்; மற்றபடி நன்றாகக் கேட்கும். முத்திரை, கையெழுத்து, எல்லாம் கச்சிதமாக இருந்தது. தண்ணீர் பட்டாலும் அழியாதபடி நான் வேறு பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன்.

எலியா அதை வாங்கிப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு தன் கடைக்குப் போய், கழற்றிய சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான். அன்று முழுக்க ஒரு வண்டியையும் தொடவில்லை. சாயங்காலம் சினி வந்தாள், காகிதத்தைப் பார்த்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஊருக்குச் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே ராஜதாஸ் என் கடை வாசலில் நின்றார்.

“நான் அன்னைக்கே பறஞ்சேனாக்கும்!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். “அவனுக்கு நல்லாக் கேக்கும்லே. இப்பம் கவர்மெண்டே சொல்லியாச்சு. ஒரு குண்டூசி விழுந்தாக்கூட…”

பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார். முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போயிற்று. தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டூலை எட்டிப் பார்த்தார்.

“சோமா,” என்றார் மெதுவாக. “அப்பம்… நான் அவனுக்க கிட்ட சொன்னதெல்லாம்?”

“எனக்கெப்படித் தெரியும்? நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லடே, ஒண்ணுமில்ல” என்றார். ரேஷன் கடையைப் பற்றிப் பத்து வருஷமாக மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மொட்டைப் பெட்டிசன்களை எழுதுவது யார் என்று ஊருக்குத் தெரியாது. வேர்த்து நின்ற அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் போன சூட்டோடு பிக்கப் ஓட்டுகிற ஜோஷி வந்தான். பக்கத்து வீட்டு மதிலை இடித்தது தான் இல்லை என்று கோர்ட் வரைக்கும் சாதித்துக்கொண்டிருப்பவன். “அண்ணா, எலியாவுக்கு உண்மையிலயே கேக்குமா? சத்தியமாச் சொல்லணும்” என்றான். மத்தியானம் வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரி வந்தாள். தன் கட்சித் தலைவரைப் பற்றி எலியாவிடம் என்ன சொல்லித் தொலைத்தாளோ, “சேட்டா, அந்தச் சர்ட்டிபிகேட் தப்பாக்கும். இது விடக்கூடாது, அப்பீல் போணும். நான் கூட நிப்பேன்” என்று மேஜையைத் தட்டினாள்.

இப்படித்தான் எங்கள் ஊர் ஒரே நாளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகத் திரண்டது. ‘எலியாவுக்கு முழுமையாகக் காது கேட்காது என்று நாங்கள் மனசாட்சியோடு சொல்லுகிறோம்’ என்று ஒரு மாஸ் பெட்டிசன் தயாராயிற்று. எழுபத்துமூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து ராஜதாஸ். அடியில் தன் பென்ஷன் நம்பரையும் போட்டிருந்தார்.

அப்பீல் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷத்துச் சட்டம். நானே தேடிப் படித்தேன். மனு எழுத உட்கார்ந்தபோது எலியா வந்து என் கையில் இருந்த பேனாவை வாங்கி மேஜையில் வைத்தான். அவனே எழுதிக்கொண்டு வந்த இரண்டு தாளை நீட்டி, ஸ்கேன் பண்ணு என்று காட்டினான். படித்துக்கொண்டே போனேன். மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது:

‘மறு டெஸ்டின்போது எனக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அது என் உரிமை. என் கூட வரும் சோமன் அண்ணன் நல்ல மனுஷர். ஆனால் அவருக்குச் சைகை மொழி தெரியாது.’

அந்தத் தாளை என் கையாலேயே ஸ்கேன் பண்ணி, என் விரலாலேயே அனுப்பினேன். பிறகு இரண்டு நாள் எலியாவோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது. மூன்றாம் நாள் தகரத்துக்கு மேலாக எட்டி, மறு டெஸ்டுக்குத் தேதி போட்டு வந்த கடிதத்தைக் காட்டி, நீயும் வா என்று கூப்பிட்டான். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், செய்த பாவம் இன்னொரு பக்கம் இருந்ததால் போனேன்.

இது பெரிய ஆஸ்பத்திரி. பெருங்கடவிளையிலிருந்து தன்யா என்ற பெண் மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தாள். எலியாவைப் பார்த்ததும் கையை அசைத்தாள், அவன் பதிலுக்கு அசைத்தான், பத்தாவது நொடியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிசனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

போர்டில் மூத்த டாக்டர் நரைத்த முடிக்காரி. பெட்டிசனை நீட்டினேன். எழுபத்துமூன்று கையெழுத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இது வேண்டா. ஆளினெ கண்டால் மதி” என்றாள். ஆளைப் பார்த்தால் போதுமாம்.

இந்தத் தடவை விரல் தூக்குகிற வேலை இல்லை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். சத்தம் போனால் மூளையில் அசைவு தெரிகிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ளும்; ஆள் தூங்கினால் போதும். எலியாவுக்கு அதைவிட லேசான காரியம் உண்டா? வராந்தாவில் அத்தனை கூச்சல், அவன் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டான். மெஷினில் கோடு போய்க்கொண்டே இருந்தது. சத்தத்தைக் கூட்டினார்கள், இன்னும் கூட்டினார்கள். கோடு அசையவே இல்லை.

டாக்டர் அந்தப் பன்னிரண்டு சதவீதச் சர்ட்டிபிகேட்டையும் புதிய ரிசல்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எலியாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு ஏன் விரலைத் தூக்கினாய்?

எலியாவின் கைகள் பேசின. தன்யா சொன்னாள்.

“சின்னப் பிள்ளையில எங்களை வரிசையா நிறுத்தி, பின்னால இருந்து மேளம் அடிப்பாவ. கேட்டா கை தூக்கணும். தூக்குனா மிட்டாயி. தூக்காட்டி அடி. எனக்கு ஒண்ணும் கேக்காது. எதிர்ல நிக்கிற டீச்சருக்க கண்ணப் பாத்துத் தூக்குவேன். நிறைய மிட்டாயி வாங்கியிருக்கேன். அன்னைக்கு அந்தப் பொண்ணு பட்டன அமுக்கும்போ புருவம் மேல போச்சு. நான் விரலைத் தூக்குனா அவளுக்க மொகத்துல ஒரு சந்தோஷம். அண்ணன் வேற பாஸாகணும்னு எழுதித் தந்திருந்தாரு. தூக்காம இருந்தா தோத்துப் போவேன்னு நெனச்சேன். நான் வாழ்க்கையில தோத்த பரீட்சை எல்லாம் போதும் டாக்டர்.”

நான் தரையைப் பார்த்தேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நூறு சதவீதம். சரிபார்க்கிற நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. எலியா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவ்வளவுதான், கிளம்பலாம் என்று நான் எழுந்தேன்.

“வேறெ எந்தெங்கிலும் பறயானுண்டோ?” வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று டாக்டர் மரியாதைக்குக் கேட்டாள்.

உண்டு என்றான் எலியா. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு உட்கார்ந்தான். அடுத்த இருபத்தைந்து நிமிஷம் அவன் நிறுத்தவில்லை.

காது டெஸ்டுக்கு வந்தவனை வெளியே டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். முதல் ஆஸ்பத்திரியில் கூண்டுக்குள் கட்டில்களை அடுக்கியிருக்கிறார்களே, கட்டில்களுக்கா காது டெஸ்ட் என்று கேட்டான். டாக்டர் இரண்டையும் குறித்துக்கொண்டாள். பிறகு எங்கள் ஊருக்கு வந்தான். சோமன் அண்ணன் சத்தமாகப் பேசினால் தனக்குக் கேட்கும் என்று நினைக்கிறார், அதனால் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரருக்குத்தான் தலைவலி என்றான். நான் சாயாவுக்குக் காட்டுகிற சைகையைச் செய்து காட்டினான். தன்யாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. பெட்டிசனைப் பற்றியும் சொன்னான். “பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருக்காவ. உதட்டப் பாத்துப் படிக்கிறது ரொம்பக் கஷ்டம். வெத்தில போட்டா தெரியாது, பெரிய மீசை இருந்தா சுத்தமாத் தெரியாது. ஆனா நம்ம ராஜதாஸ் சாருக்கு மீசை கெடையாது.”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் திடுக்கென்றது. எலியா சொன்ன தமாஷுக்கு நான் சிரிப்பது இதுதான் முதல் தடவை. பதினைந்து வருஷமாகத் தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாயாடி இருந்திருக்கிறான். நான் அவனை அடக்கமான பையன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தன்யாவைப் பெருங்கடவிளை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் நானும் அவனும் மட்டும் நின்றோம். சந்தோஷத்தில் எலியா என் பக்கம் திரும்பி எதையோ சொல்ல ஆரம்பித்தான். கைகள் வேகமாக ஓடின. பாதியில் என் முகத்தைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான். கைகளைத் தாழ்த்தி, எனக்குப் புரிகிற மாதிரி, சாப்பிடலாமா என்று மட்டும் காட்டினான்.

எத்தனை ஆயிரம் தடவை இப்படிப் பாதியில் நிறுத்தியிருப்பானோ! எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அவன் இரண்டு கையையும் பிடித்து மறுபடி மேலே தூக்கிவிட்டேன்.

“எலே, மிச்சத்தையும் சொல்லு” என்றேன், வாயால்தான்.

எலியா முதலிலிருந்து, எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. தலையை ஆட்டி ஏமாற்றப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். எங்கள் முன்னால் ஊருக்குப் போகிற மூன்று பாறசாலை பஸ் வந்து நின்று போயிற்று.